வெள்ளிக்கிழமை வரைக்கும் நன்று

வக்கீல் பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடுவார் என்று சத்துணவு ஊழியர் சங்கத்துச் சண்முகத்தாய் போனில் சொன்னாள். அது காலை ஒன்பதே முக்காலுக்கு. இப்போது ஸ்டேஷன் கடிகாரத்தில் பன்னிரண்டாகப் போகிறது. வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் ஆவுடையம்மாளின் கழுத்து தானாகத் திரும்புகிறது, திரும்பித் திரும்பி இடது பக்கம் நரம்பு பிடித்துக்கொண்டுவிட்டது. வருகிறவர் வக்கீல்தான் என்று எப்படித் தெரியும், இந்த வெயிலில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டா வருவார், சினிமாவில் வருகிற வக்கீல்கள் எல்லாம் கோர்ட்டில்தான் வருகிறார்கள், ஸ்டேஷனுக்கு வருகிற வக்கீல் எப்படி இருப்பார் என்று அவள் கண்டதில்லை. ஐம்பத்தாறு வயது வரைக்கும் காணாமல் இருந்தது புண்ணியம்தான், அந்தப் புண்ணியம் இன்றோடு தீர்ந்தது. "பேர் கேட்டா பேரச் சொல்லு, ஊர் கேட்டா ஊரச் சொல்லு. அதுக்கு மேல ஒரு சொல் கேட்டாவன்னா, வக்கீல் வந்த பொறவு சொல்லுதேன்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்கப்படாது, கேட்டியா?" என்றாள் சண்முகத்தாய். வாயைத் திறக்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாருக்குத் தெரியும்? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் கேட்கலாமா, தண்ணீர் கேட்பதும் பேச்சில் சேர்த்தியா? அவள் பாடம் நடத்துகிற டீச்சர் இல்லை. செவக்காட்டூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், அரிசி பருப்பை அளந்து கொடுப்பதும் நோட்டுகளில் எழுதுவதும்தான் வேலை. ஆனால் ஊருக்கு அவள் ஆவுடை டீச்சர். இங்கேயும் எல்லோரும் டீச்சர் டீச்சர் என்றுதான் சொல்கிறார்கள், அந்த மரியாதையைத்தான் நம்ப முடியவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள், அணைக்கிற கை அடிக்காது என்று யாரும் சொல்லவில்லையே. எதிர்ச்சுவரில் ஒரு பலகை, கைதாகிறவர்களுக்கு என்னென்ன உரிமை என்று நீலத்தில் எழுதியிருக்கிறது. யாரோ அதன் மேல் பாத்திரக் கடைக் காலண்டரை மாட்டிவிட்டார்கள். "தாம் விரும்பும் வழக்கறிஞரை" என்பது வரைக்கும் தெரிகிறது, அதற்குப் பிறகு தாமரையில் லட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். வக்கீலை என்ன செய்யலாம், கூப்பிடலாமா, பார்க்கலாமா, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாமா? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை, அப்படியானால் வக்கீல் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவளின் மடியைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள். அவள் மடியில் இருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

பெண்களை விசாரிக்க வேண்டுமானால் போலீஸ்தான் வீட்டுக்கு வரவேண்டும், ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, சட்டம் அப்படி, நீ எதற்குப் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்கிறாய் என்று சண்முகத்தாய் கத்தத்தான் செய்தாள். சட்டத்துக்கு என்ன, அது புத்தகத்தில் இருக்கிறது. ஜீப் வந்து மேலத்தெருவில் வாசலில் நின்றால் சன்னலுக்குச் சன்னல் தலை முளைக்கும், சங்கரன்கோவிலில் மகளின் மாமியாருக்கு அரைமணி நேரத்தில் செய்தி போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதனால்தான் காலையில் ஏட்டையா போன் பண்ணி, சும்மா ஒரு விசாரணைதான், வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதும், வேண்டாம் ஐயா நானே வந்துருதேன் என்று இவளே சொன்னாள். "அப்படியே அந்தச் சமையக்காரம்மாவையும் கூட்டிட்டு வந்துருங்க டீச்சர்" என்றார். சரி ஐயா என்றாள். அதையும் இவள்தான் சொன்னாள். காலனிக்கு ஆள் அனுப்பி முப்பிடாதியை வரச்சொல்லி, பஸ்ஸில் ஏற்றி, கூட்டிக்கொண்டு வந்து, ஸ்டேஷன் வாசல்படியில் விட்டவள் இவள். அவள் கேட்டாளே. பஸ் ஸ்டாப்பில் இவள் போன் பேசும்போது நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள், எப்போதும் நாலடி தள்ளித்தான் நிற்பாள், வக்கீல் என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் தெளிந்து ஓரடி முன்னே வந்து கேட்டாள். "வக்கீலு எனக்கும் சேத்துத்தான வாராரு டீச்சர்?" அதற்கு இவள் என்ன சொன்னாள்? ஆமாம் என்று சொல்லவில்லை, சத்தியமாக ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ் வந்துட்டு, ஏறு என்றாள். பஸ் அப்போது பெட்ரோல் பங்க் திருப்பத்தில்தான் வந்துகொண்டிருந்தது, நின்று ஆள் ஏற்றிக்கொண்டு வர ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும், ரெண்டு நிமிஷத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சண்முகத்தாயிடம், அவளுக்கும் சேர்த்து வக்கீலிடம் பேசுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம் சங்கத்தில் இல்லையே என்று சண்முகத்தாய் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் இப்போது, நான் கேட்டேன், அவர்கள் முடியாது என்றுவிட்டார்கள் என்று இருந்திருக்கும். இப்போது அதுகூட இல்லை. ஸ்டேஷனுக்குள் வந்ததும் இவளுக்குப் பெஞ்சைக் காட்டினார்கள். முப்பிடாதிக்கு யாரும் எதையும் காட்டவில்லை, அவளாகவே சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் கூப்பிட்டது இவளைத்தான். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், மகளைவிட ரெண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம், நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார், அதைப் பார்த்ததும் இவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, அந்தத் தைரியம் மேஜையைப் பார்த்ததும் போயிற்று. மேஜையில் அந்த நோட்டு இருந்தது. பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்கு அரைமணி முன்னால் அமைப்பாளர் ருசி பார்த்து, நேரம் போட்டு, சுவை எப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற நோட்டு, அவள் கையாலேயே பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டது. எஸ்.ஐ. பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். "இன்னைக்கு என்ன கிழமை டீச்சர்?" வியாழன் என்றாள். "செவ்வாக்கிழமை மத்தியானத்தோட உங்க சமையல்கூடத்த சீல் வச்சாச்சு. இன்னைக்கு அங்க அடுப்பே பத்த வைக்கல. சரியா?" சரி என்று தலையாட்டினாள். "இந்தா, இன்னைக்குத் தேதில எழுதியிருக்கீங்க. நேரம் பன்னிரண்டு, சுவை நன்று, கையெழுத்து. நாளைக்கு வெள்ளிக்கிழமைக்கும் நன்று. நாளைக்குச் சாப்பாடு அவ்வளவு நல்லா இருக்கப்போகுதா டீச்சர்?" என்றார். கூட நின்ற ஏட்டையா சிரிக்கவில்லை, அவராவது சிரித்திருக்கலாம். திங்கட்கிழமை காலையில் வந்ததும் வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதிவிடுவது பழக்கம். எல்லா மையத்திலும் அப்படித்தான். ஆபீசர் எந்த நாள் வந்து நிற்பார் என்று தெரியாது, வந்ததும் கேட்பது நோட்டைத்தான், சோற்றை அல்ல. கண்டிப்பான ஆள் என்று பேர் எடுத்த அமைப்பாளர்கள்தான் இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பார்கள், சோம்பேறிகள் வாரக் கடைசியில் எழுதுவார்கள். சோம்பேறியாக இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலியாக இருந்திருக்கும். "செவ்வாக்கிழமை நீங்க ருசி பாத்தீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, போயிரலாம்" என்றார் எஸ்.ஐ. பார்த்தேன் என்று சொன்னால் ஒரு கதவு, பார்க்கவில்லை என்று சொன்னால் இன்னொரு கதவு, எது வீட்டுக்குப் போகிற கதவு? "வக்கீல் வந்த பொறவு சொல்லுதேன் ஐயா" என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது. எஸ்.ஐ. கோபப்படுவார் என்று நினைத்தாள், படவில்லை. "தாராளமா. அது உங்க உரிமை. வெளிய உக்காருங்க" என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "அந்தம்மாவ வரச்சொல்லு" என்றார். முப்பிடாதி எழுந்து சேலையை உதறிக்கொண்டு இவளைக் கடந்து உள்ளே போனாள்.

அது நடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளேயிருந்து அடிக்கிற சத்தமோ அழுகிற சத்தமோ எதுவும் வரவில்லை, பேச்சுச் சத்தம் மட்டும், எஸ்.ஐ.யின் குரல் நீளமாகவும் முப்பிடாதியின் குரல் துண்டு துண்டாகவும். என்ன சொல்லுகிறாள்? அவளுக்கு யாரும் வாயைத் திறக்காதே என்று சொல்லவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கப்பட்டவள், அதுவும் காக்கிச்சட்டை கேட்டால், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால். அதைச் சொல்லிவிடுவாளோ. எதை? அதைத்தான். செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்கால் இருக்கும், ஆவுடையம்மாள் ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து முட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள், முப்பிடாதி கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நாலடி தள்ளி நின்றாள். "டீச்சர், சாம்பாரு ஒரு மாதிரி கசக்கு. பருப்பான்னு தெரியல. நீங்க ஒரு வாயி பாருங்களேன்." வேறு யாரும் இல்லை. உதவியாள் முட்டை உரித்துக்கொண்டு பின்பக்கம் இருந்தாள். ஹெச்.எம். பயிற்சிக்குப் போயிருந்தார், கொடுத்து வைத்தவர். இவள் நிமிரக்கூட இல்லை. "இன்னைக்கு சஷ்டில்லா? நீயே பாத்துக்கோ. வெந்தயம் கூடிருக்கும். கொஞ்சம் வெல்லத்தப் போடு" என்றாள். அவ்வளவுதான். அவள் போய்விட்டாள். ஒரு மணிக்கு முதல் பிள்ளை வாந்தி எடுத்தது, ஒன்றேகாலுக்கு ஒன்பது பிள்ளைகள், ஆம்புலன்ஸ் வரும்போது இருபத்து மூன்று. வாந்தியில் வெல்ல வாசம் அடித்தது. அந்த வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது, ஸ்டேஷனில் பினாயில் நாற்றத்துக்கு மேலேயும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டார்கள், மூன்றாம் வகுப்புக் கனிஷ்காவைத் தவிர. அவள் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு கிடக்கிறாள், வாயில்லாத பிள்ளை, சோறு போதுமா என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் தலையாட்டும். பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் எறும்புப் பொடி டப்பா இருந்ததா? இருந்தது. போன மாதம் இவள்தான் வாங்கி வைத்தாள். மூடி இருந்ததா? யோசித்து யோசித்துப் பார்க்கிறாள், ஒரு தடவை மூடியோடு தெரிகிறது, இன்னொரு தடவை மூடியில்லாமல் தெரிகிறது, எது நடந்தது எது பயம் என்று பிரிக்க முடியவில்லை. முப்பிடாதியும் அன்று வாந்தி எடுத்தாள். கரண்டியில் ருசி பார்த்தவள் அல்லவா? பள்ளிக்கூடத்துப் பின்னால் வேலிக்குப் பக்கம் குனிந்து நின்று எடுத்துக்கொண்டிருந்ததை இவள் பார்த்தாள். அவளை யாரும் ஆம்புலன்சில் ஏறு என்று சொல்லவில்லை.

சஷ்டி விரதம். முருகனுக்கு இருக்கிற விரதம், கல்யாணமான நாள் முதல் இருக்கிறாள், பொய்யில்லை. அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கோவிலுக்குப் போய் வந்துதான். சஷ்டிக்குச் சஷ்டி, கிருத்திகைக்குக் கிருத்திகை, வெள்ளிக்கிழமை, பிரதோஷம், அமாவாசை. சைவ வீடு, முட்டை அவிக்கிற இடத்துச் சோறு வேறு. இதையெல்லாம் எஸ்.ஐ.யிடம் சொன்னால் புரிந்துகொள்வார், சந்தனம் வைத்திருக்கிறாரே. ஆனால் கூட்டிப் பார்த்தால் மாதத்தில் எத்தனை நாள் வரும், எட்டா, பத்தா? மிச்ச நாள்? இந்த இடத்தில் வந்ததும் அவள் மனசு சண்டி மாடு மாதிரி நிற்கிறது. காலையிலிருந்து நாலு தடவை இந்த இடம் வரைக்கும் வந்து திரும்பிவிட்டாள், வக்கீலை நினைத்தாள், மகளின் மாமியாரை நினைத்தாள், பருப்பை நினைத்தாள். பென்ஷனை நினைத்தாள், நாலு வருஷத்தில் ஓய்வு. மிச்ச நாள் என்ன? பதினோரு வருஷம் முன்னால் முப்பிடாதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு சின்னத் தட்டில் சோறும் கூட்டும் வைத்து, மேலே இன்னொரு தட்டை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். "பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். இவள் இன்றைக்கு விரதம் என்றாள். மறுநாளும் வைத்தாள். மறுநாள் வயிறு சரியில்லை. அதற்கும் மறுநாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரமா, பத்து நாளா, எத்தனை நாள் அந்தத் தட்டு வந்தது என்று ஞாபகமில்லை, ஒரு நாள் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. அதற்கு முன்னால் சமைத்தவள் கோனாக்கமார் தெருக்காரி, அவள் கையால் இவள் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாளே, சஷ்டியன்றுகூட ஒரு தடவை உப்பு மட்டும் பார்க்கிறேன் என்று நாக்கில் வைத்திருக்கிறாளே. ஆவுடையம்மாள் கெட்டவள் இல்லை. முப்பிடாதி மகளுக்குப் பிரசவம் என்றபோது பழைய சேலை கொடுத்தாள், ஜாதி பார்த்து ஒரு பிள்ளைக்காவது சோறு குறைத்துப் போட்டதில்லை, பந்தியில் ஓரமாக உட்காரு என்று ஒரு பிள்ளையைச் சொன்னதில்லை. ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு நாள், ஒரு பருக்கை, அந்த அடுப்பிலிருந்து அவள் வாய்க்குப் போனதில்லை. அது முப்பிடாதிக்குத் தெரியும். தெரியும் என்பது இவளுக்கும் தெரியும். இத்தனை வருஷமும் இரண்டு பேரும் அதற்கு விரதம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஒரு வாய் பார்த்திருந்தால். நாக்கில் பட்டதும் துப்பியிருப்பாள், கசப்பு தாங்காது அவளுக்கு, அண்டாவைக் கவிழ்க்கச் சொல்லியிருப்பாள், பிள்ளைகளுக்கு வெறும் சோறும் மோரும் போட்டு அனுப்பியிருப்பார்கள், ஆபீசில் ஒரு மெமோ கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான், கனிஷ்கா இந்நேரம் தட்டைக் கழுவிக்கொண்டு பைப்படியில் நின்றிருப்பாள். இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடமாவது, சுவரிடமாவது. எழுந்து போய்க் கதவைத் தட்டி, ஐயா அவ எங்கிட்டச் சொன்னா, கசக்குன்னு சொன்னா, நாந்தான் பாக்கல என்று சொன்னால் என்ன ஆகும்? எட்டே சொல், மூச்சு விடுகிற நேரம். பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். மார்பில் வளர்மதி என்று பேர் குத்தியிருந்தது, நல்ல முகம். "குடிங்க டீச்சர். மொகம் வெளிறிப்போச்சே" என்றாள். குடித்தாள். "அந்த அம்மா உள்ள எல்லாம் நல்லபடியாச் சொல்லுதாங்க. சார் திட்டக்கூட இல்ல. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்றாள். எல்லாம் என்றால் எதெல்லாம் என்று கேட்க வாய் வந்தது, சண்முகத்தாயின் குரல் குறுக்கே வந்து நின்றது. இப்படி நைசாகப் பேசித்தான் வாயைக் கிளறுவார்கள். நுணலும் தன் வாயால் கெடும். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்றி என்று மட்டும் சொன்னாள். வளர்மதி போகும்போது கதவைத் திறந்தாள், ஒரு நொடி உள்ளே தெரிந்தது. முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் நின்றுகொண்டேவா இருக்கிறாள், செவ்வாய்க்கிழமை வாந்தி எடுத்தவள். உட்காரச் சொல்லுங்கள் என்றாவது சொல்லலாமே, அதற்கு வக்கீல் எதற்கு? கதவு சாத்திக்கொண்டது. இப்போது போய்ச் சொல்லிவிடு ஆவுடை என்று ஒரு குரல். பொறு, ஒரேயடியாக வக்கீலிடம் சொன்னால் அவர் பக்குவமாகச் சொல்லுவார் என்று இன்னொரு குரல். இரண்டாவது குரல் படித்தவர்கள் பேசுகிற மாதிரி இருந்தது, அதனால் அதைக் கேட்டாள். வக்கீல் வரட்டும், முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுவது, முப்பிடாதிக்கும் சேர்த்துப் பேசச் சொல்லுவது என்று முடிவு செய்ததும் மனசு கொஞ்சம் லேசானது. நல்ல முடிவுதான். அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு இன்னும் முக்கால் மணி நேரம் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் வைகுண்டமணி வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கோட்டு இல்லை, வெள்ளைச் சட்டை, காரை நிழல் பார்த்து நிறுத்திவிட்டு வந்தார். "ஆவுடையம்மாள் நீங்கதான? கோர்ட்ல மாட்டிக்கிட்டேன்மா. ஏதாவது சொன்னீங்களா? எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?" இரண்டுக்கும் இல்லை என்றாள். "நல்ல வேளை. உங்கள மாதிரி ஆளு நூத்துல ஒண்ணு" என்றார். அவள் எழுந்து, சார் ஒரு விஷயம் என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இப்ப எங்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். சுவத்துக்குக் காது இருக்கு. முதல்ல உள்ள என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்று கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார். பெண்களை எப்படிச் சார் ஸ்டேஷனுக்கு வரவழைச்சீங்க என்று அவர் குரல் உயர்ந்தது, எஸ்.ஐ. குரல் தணிந்தது, நாற்காலி இழுக்கிற சத்தம், பிறகு இரண்டு பேரும் மெதுவாகப் பேசுகிற சத்தம், யாரோ லேசாகச் சிரிக்கிற சத்தம். வெளியே வந்தவரின் முகம் போனபோது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "உங்களுக்கு ஒண்ணும் வராதும்மா. நோட்டுல முன்கூட்டி எழுதினது தப்புதான், ஆனா அது டிபார்ட்மென்ட் மெமோவோட போயிரும். அந்தச் சமையல்காரம்மா எல்லாத்தையும் சொல்லி, எழுதி, கைநாட்டும் வச்சாச்சு." எதைச் சொன்னாள் என்று ஆவுடையம்மாள் கேட்டாள், கேட்டாளா நினைத்தாளா தெரியவில்லை. வக்கீல் சொன்னார், "டீச்சர் தினமும் என் கையால வாங்கி ஒரு வாய் சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க, ஒரு நாள்கூடத் தவறினதில்ல, அன்னைக்கும் சாப்பிட்டாங்க, நல்லாருக்குன்னு சொன்னாங்க. இப்படிச் சொல்லியிருக்காங்க. பதினோரு வருஷமாவாம். எஸ்.ஐ. ரெண்டு தடவை திருப்பிக் கேட்டிருக்காரு, மாத்தவே இல்ல."

வேப்பமரத்தில் காக்கை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. "அந்தம்மா உங்களக் காப்பாத்துறதா நெனச்சுட்டாங்க. நீங்க சாப்பிட்டு உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா என்ன அர்த்தம்? அதுவரைக்கும் சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல. அதுக்குப் பொறவு அடுப்படில இருந்தது யாரு? எஸ்.ஐ.க்கு வேற என்ன வேணும், சாயங்காலம் ரிமாண்ட் பண்ணிருவாங்க. ஸ்டேஷன்ல வச்ச கைநாட்டு கோர்ட்ல நிக்காதுதான். ஆனா உள்ள அனுப்புறதுக்குப் போதும். புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா செக்ஷனும் மாறிரும்." ஆவுடையம்மாளுக்குள் ஏதோ தளர்ந்தது, கழுத்து நரம்பிலிருந்து கால் வரைக்கும். இது நிம்மதி என்று அவளுக்குத் தெரிந்தது. இப்படியா வரும், கொஞ்சமும் வெட்கமில்லாமல், பசி எடுக்கிற மாதிரி? "அவளுக்கும் நீங்களே" என்று ஆரம்பித்தாள். "எப்படிம்மா முடியும்? உங்களுக்கு நல்லது எல்லாம் அவங்களுக்குக் கெட்டது. ஒரே வக்கீல் ரெண்டு பக்கமும் நிக்க முடியாது. சட்ட உதவி மையத்துல இலவசமா ஒருத்தர் குடுப்பாங்க. கேட்டிருந்தா காலைலயே குடுத்திருப்பாங்க, யாரும் கேக்கல" என்றார். அப்போதுதான் வளர்மதி முப்பிடாதியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள், ரிமாண்டுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமாம். இடது கட்டைவிரலில் மை இருந்தது. இவளைக் கண்டதும் முப்பிடாதி சிரித்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நாலடி தள்ளி நிற்காமல் கிட்டே வந்து நின்றாள். "இந்த வெயில் நேரத்துல ஏன் நிக்கியோ, வீட்டுக்குப் போங்க டீச்சர். நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். எங்கையாலதான் சாப்புடுவாவன்னு சொல்லிட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயமும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது, அது பெருமை என்று ஆவுடையம்மாளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அவள் வக்கீலைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். "ஐயா, நீங்க வருமுந்தியே கேட்டுட்டாவ. நான் பேசினது சரியாத்தான இருக்கு? என்ன எப்ப விடுவாவ?" வக்கீல் செல்போனை எடுத்துப் பார்த்தார். கோர்ட்ல சொல்லுவாங்கம்மா என்றார்.

ஜீப் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே உட்கார்ந்து முப்பிடாதி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், வக்கீல் பின்னாலேயே வருவார் என்று எதிர்பார்க்கிறவள் பார்க்கிற பார்வை. ஜீப் நகர்வதற்குள் சொன்னால் போதும். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, எஸ்.ஐ. வாசல்படியில்தான் நிற்கிறார், பத்தடி தூரம். வாய் திறந்தது. திறந்த வாயில் மத்தியான வெயில்தான் போயிற்று. ஜீப் கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பியது. வக்கீல் காரின் முன்கதவைத் திறந்து விட்டு அவளைப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுல விட்டுருதேன், ஏறுங்க. ஆமா, நான் வந்தப்ப ஏதோ சொல்ல வந்தீங்களேம்மா, என்ன அது?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் ஆவுடையம்மாள்.